எழுபது வரை சொல்கிறான், மூன்று ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லை

பனியன் ஊர் அம்மா:

வணக்கம். என் பையனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, எல்கேஜி போகிறான். ஒன், டூ, த்ரீ என்று எழுபது வரை மூச்சு விடாமல் சொல்வான். தமிழில் அவன் அப்பத்தா சொல்லிக்கொடுத்து இருபது வரை வரும், நடுவில் பதினாறு மட்டும் காணாமல் போய்விடும். வீட்டுக்கு யார் வந்தாலும் "சொல்லு சாமி" என்று நிறுத்திவைத்துச் சொல்ல வைப்பதும், அவர்கள் கைதட்டுவதும் வழக்கம்.

போன வாரம் பாயசம் ஊற்றிவிட்டு, "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றேன். கைக்கு அடங்கிய அளவு அள்ளிக்கொண்டு வந்தான். சரி, விளையாடுகிறான் என்று நினைத்து, எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஏழு ஸ்பூன் இருந்தது. அவன் ஒன்பது வரை எண்ணினான். விரல் ஒரு பக்கம் ஓடுகிறது, வாய் ஒரு பக்கம் ஓடுகிறது. "அப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாவது முறை கேட்டபோது எரிச்சலாகி ஸ்பூனைத் தூக்கி எறிந்துவிட்டான்.

அதிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். தட்டில் நாலு இட்லி இருந்தால் சுற்றிச் சுற்றி ஏழு எட்டு வரை எண்ணுகிறான், எங்கே ஆரம்பித்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை. பள்ளியில் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எழுதச் சொல்லி ஹோம்வொர்க் வருகிறது. அதையும் எழுதிவிடுகிறான்! அதனால் மிஸ் "நல்லா படிக்கிறான்" என்கிறார். ஆப்பிள் படம் போட்டு எண்ணி எழுதும் ஷீட் வந்தால் மட்டும் குத்துமதிப்பாக ஏதோ ஓர் எண்ணை எழுதுகிறான்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க பீஸ் எண்ணி டஜன் போடுகிற வேலை. என் பிள்ளைக்கு மூன்று தெரியவில்லை என்றால் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது. இது மூளையில் ஏதாவது குறையா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அல்லது நான் சொல்லிக்கொடுக்கிற முறை தப்பா? காசு போட்டு வாங்கும் கிட் எதுவும் வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்துச் செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

இரட்டைவால் அப்பா:

சிஸ்டர், என் பெண்ணும் இதே வயதில் இப்படித்தான் இருந்தாள். நாங்கள் போனில் ஓர் எண்ணும் ஆப் போட்டுக் கொடுத்தோம். தொட்டால் வாத்து கத்தும், எண் சொல்லும். ஓரளவு வந்தது. இப்போது எங்கள் தெருவில் அபாகஸ் கிளாஸ் ஆரம்பித்திருக்கிறார்கள், அஞ்சு வயதிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்களாம். இப்போதே பெயர் கொடுத்து வைத்தால் நல்லது என்று நினைக்கிறேன். பயிற்சிதான் எல்லாம். தினமும் நூறு வரை சொல்ல வையுங்கள், தானாக வரும்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:

அம்மிணி, முதலில் பயத்தை விடு. நீ எழுதியிருப்பதைப் படித்தவரை உன் பையன் வயதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறான். கொங்குப் பக்கம் ஒரு கிராமத்து மையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கும். இந்த ஸ்பூன் கதையைத்தான் காலம் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபது வரை சொல்வது பாட்டு, அம்மிணி. கேலியாகச் சொல்லவில்லை. பாட்டு வேண்டும், வரிசை நாக்கில் இருந்தால்தான் பின்னால் எண்ண முடியும். ஆனால் அதற்கும் "மூணு" என்றால் எவ்வளவு என்பதற்கும் சம்பந்தம் இருப்பது பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அதனால் தம்பி சொல்கிற மாதிரி நூறு வரை சொல்ல வைத்தால் பாட்டு நீளும், அவ்வளவுதான். (தம்பி கோவிச்சுக்காதீங்க. அபாகஸ் மணி ஒன்று ஐந்துக்குச் சமம் என்பதெல்லாம் ஐந்து என்றால் என்ன என்று தெரிந்த பிள்ளைக்கு. அதற்கு அவசரம் இல்லை.)

நீ செய்ய வேண்டிய முதல் வேலை, பையன் எந்த எண் வரை நிஜமாகத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று பார்ப்பது. அதற்கு "எண்ணு" என்று சொல்லாதே. "குடு" என்று கேள். எங்கள் மையத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் பாட்டில் மூடி வைத்திருப்பேன். "டீச்சருக்கு ஒண்ணு குடு" என்றால் மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுக்கும். "ரெண்டு குடு" என்றால் சிலது சரியாகக் கொடுக்கும், சிலது அள்ளும். ஒன்று மட்டும் தெரிந்த பிள்ளை அப்படியே பல மாதம் இருக்கும். அப்புறம் ஒருநாள் இரண்டு பிடிபடும். மறுபடி இழுக்கும், மூன்று வரும். மூன்று நாலு வரை இப்படி ஒவ்வொன்றாக ஏறி வந்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு பூட்டு திறந்த மாதிரி ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் கடகடவென வந்துவிடும்.

உன் பையன் ஸ்பூனை அள்ளி வந்ததையே எடுத்துக்கொள். "மூணு" என்று நீ சொன்னபோது அவன் ஒன்று எடுத்து வரவில்லை பார். மூணு என்பது ஒன்றைவிட அதிகம் என்பது அவனுக்குத் தெரியும். எவ்வளவு அதிகம் என்பதுதான் தெரியவில்லை. இரண்டு வரை பிடிபட்ட பிள்ளைக்கு மூணும் ஒன்பதும் ஒன்றுதான், இரண்டுக்கும் பெயர் "நிறைய". எனக்கென்னவோ உன் பையன் அந்த இடத்தில்தான் நிற்கிறான் என்று தோன்றுகிறது. நீயே கேட்டுப் பார். பரீட்சை மாதிரி உட்கார வைத்துக் கேட்காதே, சமையலறையில் வேலை செய்யும்போது கேள். "ரெண்டு தக்காளி எடு." அவ்வளவுதான். சரியோ தப்போ வாங்கி வைத்துக்கொள், முகத்தைச் சுளிக்காதே.

அடுத்தது, நாம் எண்ணிக்காட்டுகிற விதம். இதைத்தான் நான் புதிதாக வரும் டீச்சர்களிடமும் சொல்வேன். நாம் தக்காளியைத் தொட்டுத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முடித்துவிடுகிறோம். பிள்ளை பக்கம் நின்று யோசித்துப் பார். இந்தத் தக்காளியைத் தொட்டால் ஒண்ணு என்கிறார்கள், அடுத்ததைத் தொட்டால் ரெண்டு என்கிறார்கள், அப்படியானால் மூணு என்பது மூன்றாவது தக்காளியின் பெயர்! எங்கள் மையத்தில் ஒரு பெண்பிள்ளை வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் எண்ணுவாள். "இதுல மூணு எங்கடா?" என்று கேட்டேன். கடைசியில் கிடந்த ஒற்றைச் செருப்பைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். அவள் மேல் என்ன தப்பு?

அதனால் இப்படிச் செய். முதலிலேயே பெயரைச் சொல்லிவிடு. "இங்க பாரு, மூணு தக்காளி." அப்புறம் தொட்டு எண்ணு, "ஒண்ணு, ரெண்டு, மூணு." உடனே மூன்றையும் கையால் வளைத்துக் காட்டி "மூணு தக்காளி" என்று முடி. அந்தக் கடைசிக் கைவளைப்பை விட்டுவிடாதே. மூணு என்பது மொத்தத்துக்கும் சேர்த்து என்பது பிள்ளைக்கு அங்கேதான் புரியும்.

விரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் ஓடுகிறது என்றாயே, அதற்கு எவர்சில்வர் டம்ளர். பட்டனை எடுத்து ஒவ்வொன்றாக டம்ளருக்குள் போடச் சொல். உங்கள் ஊரில் பட்டனுக்கா பஞ்சம்! விழும்போது டங் என்று சத்தம் வரும். சத்தத்துக்கு ஒரு எண். பட்டன் கையை விட்டுப் போய்விடுவதால் அதையே மறுபடி எண்ண வழியில்லை. தட்டில் வட்டமாக இருக்கும் இட்லியைப் பெரியவர்களே கண்ணால் எண்ணினால் எங்கே ஆரம்பித்தோம் என்று ஒரு கணம் தடுமாறுவோம். அதைப் பிள்ளையிடம் கேட்காதே. எண்ண வேண்டியதை வரிசையாக வை, அல்லது எண்ணியதை எண்ணியதை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்.

ஷீட்டில் ஆப்பிள் படம் எண்ண வராததும் அதே காரணம்தான். படத்தை நகர்த்த முடியாது. ஹோம்வொர்க் வந்தால் ஒவ்வொரு ஆப்பிள் மேலும் ஒரு பட்டன் வைக்கச் சொல். பிறகு பட்டனை எடுத்து டம்ளரில் போட்டு எண்ணட்டும்.

ஒரு எச்சரிக்கை. புளியங்கொட்டை, சுண்டல், சின்ன பட்டன் எல்லாம் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்கும்போது மட்டும். மூக்கில் போட்டுக்கொண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் எல்லா அங்கன்வாடி டீச்சருக்கும் இருக்கும். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால் பாட்டில் மூடி, துணி கிளிப் மாதிரிப் பெரிதாக எடுத்துக்கொள்.

மூணுக்கு மேல் இப்போதைக்குப் போகவே போகாதே. அவசரப்பட்டு பத்துக்கு இழுத்தால் மறுபடி பாட்டுதான் வரும். மூணு முறுக்கு, மூணு செருப்பு, மூணு தடவை கைதட்டு, மூணு படி ஏறு. பூசணி மூணு, கடுகு மூணு. பெரிசு சின்னசு, பார்ப்பது கேட்பது என்று மாற்றிக்கொண்டே இரு.

பயிற்சி ஆசிரியர்:

டீச்சர் அனுபவத்தில் சொன்னதை நான் புத்தகத்தில் படித்துத்தான் பாடம் நடத்துகிறேன் (ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வேலை). ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

அந்த "குடு" சோதனையை அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990 வாக்கில் முறைப்படி செய்து பார்த்தார். பிள்ளைகளிடம் பொம்மைகளைக் குவித்து வைத்துவிட்டு, ஒன்று கொடு, இரண்டு கொடு என்று கேட்பது. டீச்சர் சொன்ன அதே படிகள்தான் வந்தன: ஒன்று மட்டும் தெரிந்தவர்கள், இரண்டு வரை தெரிந்தவர்கள், மூன்று வரை தெரிந்தவர்கள், அப்புறம் எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணியே எடுத்துக் கொடுப்பவர்கள். சுமார் மூன்றரை வயதில் கடைசிப் படியை எட்டுகிறார்கள் என்று எழுதினார், ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை இதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நாலு நாலரை ஆவது அதிசயம் இல்லை.

1978-இல் கெல்மன், காலிஸ்டல் என்ற இருவர், எண்ணுவது என்ற ஒரே செயலுக்குள் ஐந்து விதிகள் ஒளிந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஓர் எண். எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது. நமக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லாத விஷயமாகத் தெரியும். உங்கள் பையனை இதில் வைத்துப் பாருங்கள். வரிசை அவனுக்குப் பழுதில்லாமல் வருகிறது, பதினாறைத் தவிர. முதல் விதி ஆடுகிறது, அதற்குத்தான் டம்ளர். மூன்றாவது விதி இன்னும் வரவில்லை. "எத்தனை இருக்கு?" என்று கேட்டால் அவன் மறுபடி எண்ணுவது அடமோ மறதியோ இல்லை. அந்தக் கேள்விக்கு, "எண்ணிக்காட்டு" என்பதுதான் அவனைப் பொறுத்தவரை அர்த்தம்.

மூணுக்கு மேல் போகாதே என்று டீச்சர் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. மூன்று நாலு பொருள் வரை மனிதக் கண் எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் 1871-இல் இதைத் தன் மேலேயே சோதித்தார். கைப்பிடி அவரையை ஒரு சின்னப் பெட்டியை நோக்கி எறிவது, உள்ளே விழுந்ததை ஒரு பார்வையில் எத்தனை என்று சொல்வது, பிறகு எண்ணிச் சரிபார்ப்பது. ஆயிரம் முறைக்கு மேல் எறிந்திருக்கிறார் மனிதர்! மூன்று, நாலில் ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஐந்திலிருந்து தப்ப ஆரம்பித்தது, எண் கூடக்கூடத் தப்பும் கூடியது. ஆக, மூன்று என்பதைப் பிள்ளை கண்ணாலேயே "பார்த்து"விட முடியும். கண் பார்த்த மூணும் வாய் சொன்ன மூணும் ஒன்றுதான் என்று கோத்துவிடுவதுதான் நம் வேலை. எட்டு, ஒன்பதில் கண் உதவிக்கு வராது, அதனால் அங்கே ஆரம்பித்தால் பிள்ளைக்குப் பிடிமானம் இல்லை.

பள்ளி ஹோம்வொர்க் பற்றி. தமிழக அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டம் 2022-இல் தொடங்கியது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும். அதிலேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தகுந்த மாதிரி பிரித்து, அரும்பில் இருப்பவருக்கு அடிப்படையிலிருந்து தொடங்குகிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே அந்த அவகாசம் உண்டு. எல்கேஜியில் ஐம்பது வரை எழுதவைப்பது எனக்கு உடன்பாடில்லை. கை வலிப்பதுதான் மிச்சம்.

டாக்டர் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவசியம் தெரியவில்லை. பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, பார்வையில் சந்தேகம் என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சோழி:

மதுரைப் பக்கம். ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் அவரைக்கொட்டை எறிந்தவர் கதையைப் படித்ததும் பல்லாங்குழி ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. கொட்டையைப் போட்டுக்கொண்டே போகும்போது எந்தக் குழியில் நாலு சேர்கிறதோ அது "பசு", அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஆச்சி பேசிக்கொண்டே விளையாடுவார். எதிர்ப் பக்கம் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்கும், அவர் குழியில் நாலு விழுந்த அடுத்த நொடி கை அங்கே போயிருக்கும். எண்ணவே மாட்டார். நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் அடுத்த கொட்டை விழுந்து அஞ்சாகி, பசு போச்சு! அந்தக் கோபத்திலேயே எங்களுக்கு நாலு பழகியது.

ஐந்தாங்கல்லும் அப்படித்தான். கீழே நாலு கல். ஒரு கல்லை மேலே போட்டுவிட்டு முதலில் ஒவ்வொன்றாக எடுக்கணும். அடுத்த ஆட்டத்தில் இரண்டு இரண்டாக. அதற்கடுத்து மூன்றும் ஒன்றுமாக. கடைசியில் நாலையும் ஒரே அள்ளு. நாலை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று ஒரு டீச்சரும் சொல்லித்தரவில்லை, கைக்கே தெரியும்.

நாலு வயதுப் பையனுக்கு முழுப் பல்லாங்குழி ஆகாதுதான். நான் என் பேத்திக்கு முட்டை அட்டையில் நாலு குழி மட்டும் வெட்டிக்கொடுத்தேன். தாயக்கட்டைக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி மட்டும் வைத்த ஒரு கட்டை. விழுந்த புள்ளிக்குத் தகுந்த கொட்டையைக் குழியில் போடணும். தோற்றால் அழுகை, அது வேறு கதை.

பனியன் ஊர் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி சமையலறையில் கேட்டுப் பார்த்தேன். "ஒரு வெங்காயம்" சரி. "ரெண்டு வெங்காயம்" சரி, ஒரு கைக்கு ஒன்றாகக் கொண்டுவந்தான். "மூணு" என்றதும் கூடைக்குள் இரண்டு கையையும் விட்டான்! நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான் நிற்கிறான், டீச்சர்.

டம்ளர் விளையாட்டு அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வீடு முழுக்க டங் டங். அவன் அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார் என்பதால் இப்போது பிளாஸ்டிக் டம்ளருக்கு மாற்றியிருக்கிறோம்.

இன்னும் சில சந்தேகம். முதலாவது, பள்ளியில் ஒன் டூ த்ரீ, வீட்டில் ஒண்ணு ரெண்டு மூணு, குழம்பிவிட மாட்டானா? இரண்டாவது, மூணு பட்டனை நெருக்கமாக வைத்தால் சரியாகச் சொல்கிறான், அதையே தள்ளித் தள்ளி வைத்தால் "நிறைய" என்கிறான். இது ஏன்? மூன்றாவது, அந்த ஐம்பது வரை எழுதுகிற ஹோம்வொர்க்கை என்ன செய்வது? மிஸ்ஸிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பயிற்சி ஆசிரியர்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே பிரபலமாக்கிய சோதனை இதுதான். ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசை வைப்பது, பிள்ளை சமம் என்று ஒப்புக்கொண்டதும் கண்முன்னாலேயே ஒரு வரிசையை நீட்டி வைப்பது. நாலைந்து வயதுப் பிள்ளைகள் பலர் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். எடுக்கவும் இல்லை, போடவும் இல்லை என்பது தெரிந்தே சொல்வார்கள். இடத்தை அடைத்துக்கொண்டால் அதிகம் என்று கண் சொல்கிறது. பின்னால் வந்தவர்கள், கேள்வி கேட்கிற விதத்திலேயே பிள்ளை குழம்புகிறது என்று பியாஜேயைக் குறை சொன்னதும் உண்டு. எப்படியோ, உங்கள் பையன் மட்டும் இல்லை. திருத்த வேண்டாம். நெருக்கி வைத்து "மூணு", தள்ளி வைத்து "இப்பவும் மூணு", முக்கோணமாக வைத்து "இப்பவும் மூணு" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போங்கள்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:

அம்மிணி, ரெண்டு சரியாகக் கொடுத்தானே, அப்புறம் என்ன கவலை! கைக்கு ஒன்று வைத்துக்கொண்டான் பார், அது அவனே கண்டுபிடித்த வழி. அதையே பிடித்துக்கொள். "ரெண்டு கையிலயும் இருக்கு. இன்னும் ஒண்ணை அம்மா இந்தச் சட்டைப் பையில போடுறேன். இப்ப மூணு." மூணு என்பது ரெண்டும் இன்னொன்றும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், சும்மா "நிறைய" இல்லை.

அவன் நாலு கொண்டுவந்தால் "தப்பு" என்று சொல்லாதே. வாங்கி வரிசையாக வைத்து, "இது நாலு. எனக்கு மூணு போதும்" என்று ஒன்றைத் திருப்பிக் கொடு. மூணு எது என்று தெரிய, மூணு இல்லாதது எது என்றும் தெரியணும்.

மொழி பற்றி. குழம்ப மாட்டான். எங்கள் மையத்தில் வடக்கேயிருந்து மில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருந்தன. வீட்டில் ஹிந்தி, எங்களிடம் தமிழ், டிவியில் என்னென்னவோ. அளவு ஒரு மொழியில் பிடிபட்டால் அடுத்த மொழிக்குப் பெயர் மட்டும்தான் மாற்ற வேண்டும். நீ வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லிக்கொடு. ஒரே வாக்கியத்தில் "மூணு, த்ரீ" என்று இரண்டையும் போட்டுக் கலக்காமல் இருந்தால் போதும். அப்பத்தா சொல்லித்தருகிற இருபதை நிறுத்த வேண்டாம், அந்தப் பதினாறும் தானாக வந்து சேரும்.

மிஸ்ஸிடம் போய் "நீங்க சொல்லித்தர்றது சரியில்ல" என்று நிற்காதே. அவருக்கு மேலேயும் ஆள் இருப்பார்கள், கேட்கிற பெற்றோரும் இருப்பார்கள். ஐம்பது வரை எழுதவில்லை என்றால் சண்டைக்கு வருகிற அம்மா அப்பாவை நானே பார்த்திருக்கிறேன். "மிஸ், வீட்டுல மூணு நாலு வரைக்கும் பொருள் வச்சு எண்ணப் பழக்குறோம். ஹோம்வொர்க்ல பத்து வரைக்கும் எழுதினா போதுமா?" என்று கேட்டுப் பார். பெரும்பாலும் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் எழுதிவிட்டுப் போகட்டும். அதை வைத்து வீட்டில் ரகளை வேண்டாம்.

விருந்தாளி வந்தால் எழுபது வரை சொல்ல வைக்கிற வேலையை மட்டும் கொஞ்ச நாளைக்கு மாற்று. "சாமி, வந்தவங்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் எடுத்துட்டு வா" என்று சொல். எண்ணவே சொல்லாதே. ஆளுக்கொன்று என்று நீட்டிக்கொண்டு வருவான், ஒருத்தருக்குக் குறைந்தால் அவனே திரும்பி ஓடுவான். மையத்தில் சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கிற வேலையைப் பிள்ளைகளிடமேதான் கொடுப்பேன். முட்டை போடுகிற நாளில் ஆளுக்கொரு முட்டை. யாருக்காவது விட்டுப்போனால் கூரை பறந்துவிடும், அவ்வளவு சரியாகக் கணக்கு வைத்திருப்பார்கள்.

பனியன் ஊர் அம்மா:

ஆளுக்கொரு டம்ளர் நல்ல யோசனை. நாளைக்கே நாத்தனார் குடும்பம் வருகிறது, பார்க்கிறேன். மூணு பிடிபட்டதும் நேராக நாலா, இல்லை அஞ்சுக்கே போகலாமா டீச்சர்?

ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர்:

நாலுக்குப் போ, அதிலும் கொஞ்சம் நின்று போ. ரெண்டும் ரெண்டுமாக வைத்துக் காட்டினால் கண்ணுக்குச் சுலபம். ஐந்துக்கு வேறெதுவும் தேட வேண்டாம், கையை விரித்துக் காட்டு. அதற்கு மேலே ஒரு கை முழுசும் அடுத்த கையில் ஒரு விரலும் ஆறு, அப்படியே ஏழு, எட்டு. நாம் பெரியவர்கள் கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டு எண்ணுவோமே, அதை இப்போது பழக்காதே. விரலாக நீட்டினால்தான் எத்தனை என்று மொத்தமாகத் தெரியும்.

அவனுக்கு நாலு வந்ததும் இங்கே வந்து எழுது. பட்டனை எண்ணி வைத்துவிட்டுத் தூங்கு, ராத்திரி காலில் குத்தும்.